நாற்பத்து மூன்றாவது விண்ணப்பம்

அக்டோபர் 9, வியாழன். அமலிக்கரை

ரோமுக்குப் போகும் பங்கு யாத்திரைப் பட்டியலில் என் பெயர் இருபத்தேழாவது. அம்மாவின் பெயரை அடித்துவிட்டு அதன் மேல் எழுதியிருக்கிறார்கள். அடித்த கோட்டுக்குக் கீழே ‘ஜெனோவா ரொட்ரிகோ’ என்பதை இன்னும் வாசிக்க முடிகிறது. அம்மாவின் கால் புண்ணைப் பார்த்த தூத்துக்குடி டாக்டர், ஆகஸ்டிலேயே போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் நான் போகிறேன்.

மாலையில் ஃபாதர் வலேரியன் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் ஒரு துணிப் பொட்டலம். யாத்திரைக்கு வர முடியாதவர்கள் எழுதிக் கொடுத்த விண்ணப்பங்கள். கடைசி நேரத்தில் யாத்திரைக்கு வருகிறவர்களில் சிலரும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அந்தோணியாருக்குச் சில, சவேரியாருக்குச் சில, வானதூதரான மிக்கேல் சம்மனசுக்கு, செபஸ்தியாருக்கு, பனிமய மாதாவுக்கு என்று ஆளுக்கொரு முகவரி.

“ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு கோயில்ல வைக்க நமக்கு நாள் பத்தாது” என்றார். “ரோம்ல பழைய கோயில் ஒண்ணு இருக்கு. முந்தி எல்லாத் தேவர்களுக்கும்னு கட்டினது. இப்ப மாதாவுக்கும் எல்லா வேதசாட்சிகளுக்கும் உள்ளது. யாருக்கு எழுதியிருந்தாலும் அங்க போய்ச் சேர்ந்துரும். கடைசி நாள் பூசையில காணிக்கையோட சேர்த்து வைப்போம்.”

அந்தக் கோயிலின் பெயரை அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். பதினோரு வயதில் பள்ளி நூலகத்தில் அதன் படத்தைப் பார்த்தேன். கூரையின் நடுவில் வட்டமாக ஒரு திறப்பு, அதன் வழியே தூண்போல் இறங்கும் வெளிச்சம். அன்றிலிருந்து அம்மா மீன் கழுவும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

“நீ லைப்ரரில இருக்கிறவ. தாளைப் பத்திரமா வச்சுக்கத் தெரியும்” என்று சொல்லி ஃபாதர் பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார்.

அக்டோபர் 11, சனி

பட்டியல் போடத்தான் பிரித்தேன். மொத்தம் நாற்பத்து மூன்று. வெளியே பெயர் எழுதாதவை ஒன்பது. அந்த ஒன்பதை மட்டும் பிரித்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் படித்துவிட்டேன். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. இதை ஒரு சாக்காகத்தான் எழுதுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

தொம்மை அண்ணனும் அடுத்த வீட்டு ரெமிஜியஸும் பதினாறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. தொம்மை அண்ணன் அந்தோணியாருக்கு எழுதியிருக்கிறார்: சாவதற்குள் ரெமிஜியஸ் வந்து முதலில் பேச வேண்டும். ரெமிஜியஸ் சவேரியாருக்கு எழுதியிருக்கிறார்: தொம்மை முதலில் பேச வேண்டும். பவுலின் டீச்சர் தன் பேரன் திக்காமல் கோயிலில் வாசகம் வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பெயரில்லாத ஒரு தாளில் இரண்டே சொற்கள்: செய்ததை மன்னியும்.

ஒன்று மட்டும் படிக்கவில்லை. அம்மாவுடையது. ஒட்டியிருந்தது அது ஒன்றுதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

அம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு எனக்குப் பெட்டி அடுக்கச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கென்று ஜூலையில் வாங்கிய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை எடுத்துத் தந்தாள்.

“எனக்குப் பெரிசா இருக்கும்மா.”

“குளிருக்கு என்னத்த அளவு. உள்ள ரெண்டு சட்டை போட்டுக்கோ.”

“விண்ணப்பத்தை எதுக்கு ஒட்டிக் குடுத்திய?”

“ஒட்டக் கூடாதுன்னு ஃபாதர் சொன்னாவளா?”

“இல்ல.”

“பிறகென்ன.”

கைப்பையில் இடம் போதவில்லை. ரோமைப் பற்றிய தடித்த புத்தகத்தை வைத்தால் பொட்டலம் மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது. இரண்டையும் அமுக்கி ஜிப்பைப் பூட்டினேன்.

அக்டோபர் 13, திங்கள்

கிளம்பியாயிற்று. எங்கள் ஊரிலிருந்து யாத்திரைக்கு வரும் ரொசாரி மாமி ஜன்னலோர இருக்கையைச் சண்டை போட்டு வாங்கினாள். விமானம் ஏறி இறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய். ரோம்

பொட்டலத்தைக் காணவில்லை.

ஓட்டல் அறையில் பையை மூன்று முறை கொட்டிப் பார்த்தேன். எங்கே விட்டேன் என்பது தெளிவாக நினைவிருக்கிறது. விமானம் மாறிய ஊரில், சோதனை வரிசையில், பையைத் திறக்கச் சொன்னார்கள். புத்தகத்தையும் பொட்டலத்தையும் பிளாஸ்டிக் தட்டில் வைத்தேன். மறுபக்கம் வந்தபோது புத்தகம் தட்டிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. பதறிப்போய்க் குனிந்து எடுத்து, முனை மடங்கிய பக்கத்தை நீவிவிட்டேன். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். நடந்துவிட்டேன்.

புத்தகத்தை எடுத்தேன். ஒரு ஊரின் மன்றாட்டைத் தட்டிலேயே விட்டுவிட்டேன்.

அந்த விமான நிலையத்தின் தொலைந்த பொருள் பிரிவுக்கு எழுதினேன். பத்து வேலை நாட்களில் பதில் வரும் என்று தானாக ஒரு பதில் வந்தது. எங்களுக்கு இருப்பது நான்கு நாள்.

என்னோடு ஒரே அறையில் இருக்கும் ரொசாரி மாமிக்கு அறுபத்திரண்டு வயது. மூன்று டம்ளர் அரிசி வேகும் குக்கரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறாள். நான் பையைக் கொட்டுவதைப் பார்த்து, “என்னத்தட்டி தேடுத?” என்றாள்.

“சீப்பு.”

“என் சீப்ப எடுத்துக்கோ. பல்லு ரெண்டு கிடையாது, பாத்துச் சீவு.”

தலை சீவிக்கொண்டேன்.

அக்டோபர் 15, புதன்

காலையில் பனிமய மாதாவின் பெரிய கோயில். தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆகஸ்டில் பனி விழுந்த குன்றின் கதையை ஃபாதர் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள். சிறு வயதிலிருந்து தேர் இழுத்த மாதாவின் வீட்டுக்கே வந்துவிட்ட அழுகை. அம்மா யாத்திரைக்குப் பெயர் கொடுத்ததே இந்த ஒரு கோயிலுக்காக. வட்டக் கூரைக் கோயிலைப் பற்றி அவள் என் வாயால் கேட்டதுதான். இதைப் பற்றி அவளே எனக்குச் சொன்னாள்.

பீடத்துக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. அம்மாவைவிட மூத்தவர்கள், ஒருத்திக்கு ஒரு காலே இல்லை. யாரோ தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

மாமி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஜெனோவாவும் இப்படி வந்திருக்கலாம்லா” என்றாள். “டாக்டர் ரொம்பக் கண்டிப்பானவரோ?”

“ஆமா மாமி.”

“எந்த டாக்டரு?”

மெழுகுத்திரி வாங்கி வருகிறேன் என்று நகர்ந்துவிட்டேன்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். படித்தது எதுவும் என்னை விட்டுப் போவதில்லை. பெயர்ப் பட்டியல் இந்த நாட்குறிப்பின் பின்பக்கத்தில் இருக்கிறது. நாற்பத்திரண்டையும் திரும்ப எழுதிவிடலாம். செய்யக் கூடாததைச் செய்ததால்தான் இது முடிகிறது என்பது ஒரு மாதிரியாக இருக்கிறது.

சாயங்காலம் ஓட்டலின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து பன்னிரண்டு எழுதினேன். தொம்மை அண்ணனுடையதை எழுதும்போது பேனா நின்றது. ‘ரெமிஜியஸிடம் நான் முதலில் பேச எனக்கு மனம் தாரும்’ என்று ஒரு சொல்லை மாற்றினால் போதும். ரெமிஜியஸுக்கும் அப்படியே எழுதினால் பதினாறு வருஷச் சண்டை முடிந்துவிடும். சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. அவர்கள் எழுதியதை அப்படியே எழுதினேன்.

அக்டோபர் 16, வியாழன்

அந்தக் கோயிலைப் பார்த்துவிட்டேன்.

பூசை சனிக்கிழமைதான். இன்று சும்மா சுற்றிப்பார்க்க அழைத்துப் போனார்கள். குறுகிய தெருவில் ஐஸ்கிரீம் கடைகளைத் தாண்டித் திரும்பியதும் எதிர்பாராமல் நிற்கிறது. படங்களில் அதைச் சுற்றி வெட்டவெளி இருப்பதுபோல் இருக்கும். உண்மையில் நாலு பக்கமும் வீடுகள் நெருக்க, வயதான யானையைச் சந்தைக்குள் நிறுத்தியதுபோல் நிற்கிறது. முன் மண்டபத்தில் பதினாறு கல்தூண்கள். ஒன்றைக் கட்டிப்பிடிக்க நாலு பேர் வேண்டும். மாமியும் நானும் இன்னொருத்தியும் பிடித்துப் பார்த்தோம், கை எட்டவில்லை.

நெற்றியில் பெரிய லத்தீன் எழுத்துகள். மார்க்கஸ் அக்ரிப்பா இதைக் கட்டினான் என்று சொல்கின்றன. அவன் கட்டியது எரிந்துபோயிற்று. இப்போது நிற்பதை நூற்றைம்பது வருஷம் கழித்து ஹேட்ரியன் என்ற பேரரசன் கட்டி முடித்தான். தன் பெயரைப் போடாமல் பழையவன் பெயரையே போட்டான். இதைப் புத்தகத்தில் எத்தனையோ முறை படித்து, எவ்வளவு பெருந்தன்மை என்று வியந்திருக்கிறேன். இன்று அண்ணாந்து பார்த்தபோது வேறு மாதிரி தோன்றியது. தன் கையால் செய்ததற்கு இன்னொருவர் பெயரைப் போடுகிறவன் எதையாவது மறைக்கவும் செய்யலாம். என் பையில் இருபத்தாறு விண்ணப்பங்கள் இருந்தன. எல்லாம் என் கையெழுத்து, எதிலும் என் பெயர் இல்லை.

உள்ளே போனதும் எங்கள் கூட்டம் பேச்சை நிறுத்தியது. கூரை உருண்டு மேலே போகிறது, நடுவில் அந்தத் திறப்பு. கண்ணாடி கிடையாது, மூடி கிடையாது, நேராக வானம். வெயில் வட்டமாகச் சுவரில் விழுந்திருந்தது. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அது நகர்வது தெரிகிறது. பதினேழு வருஷமாக நினைத்த இடம். அழுகை வருமென்று நினைத்திருந்தேன். கம்பளிச் சட்டையின் கை நீளமாகத் தொங்கி விரல்களை மூடிக்கொண்டே இருந்தது. அதை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தேன்.

ஃபாதர் விளக்கினார். அறுநூற்று ஒன்பதாம் ஆண்டு ஒரு பாப்பரசர் இதைக் கோயிலாக்கினார். விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் எலும்புகளைச் சுரங்கக் கல்லறைகளிலிருந்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்து வைத்ததாகச் சொல்வார்கள். மந்திரித்த அன்று உள்ளே இருந்த பேய்களெல்லாம் மேல் திறப்பு வழியாக ஓடிப்போனதாக ஒரு கதையும் உண்டு.

“ஓடினது சரி” என்றாள் மாமி. “பிறகு அத ஏன் அடைக்காம விட்டிருக்கு? திரும்பி வரட்டும்னா?”

ஃபாதர் சிரித்துவிட்டார். “அடைச்சா இருட்டாயிரும்லா மாமி.”

“பழைய சாமியள எல்லாம் எங்க கொண்டு வச்சாவ?”

“அது யாருக்கும் தெரியாது.”

“வச்ச இடம் தெரியாம வச்சா அதுக்குப் பேரு தொலைச்சது” என்றாள் மாமி.

என்னைப் பார்த்துச் சொன்னாளா என்று தெரியவில்லை.

இந்தக் கட்டடத்தைப் பற்றிப் படித்தபோதெல்லாம், மாறியது நல்லதா கெட்டதா என்ற வாதங்களைத்தான் படித்தேன். கோயிலாக்கியிராவிட்டால் மற்றவைபோல இதையும் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுபோயிருப்பார்கள், எடுத்துக்கொண்டதால்தான் பிழைத்தது என்று ஒரு கட்சி. அந்தக் கட்சியில்தான் நானும் இருந்தேன். எடுத்துக்கொள்கிறவர்களுக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது.

ஆகஸ்டில் டாக்டர் அறைக்குள் நான் மட்டும் போனேன். அம்மா வராந்தா பெஞ்சில் இருந்தாள். அவர் சொன்னது இது: “புண் மூடிட்டு வருது. விமானத்துல சக்கர நாற்காலி கேளுங்க. நான் சொல்ற செருப்பைத் தவிர வேற போட வேண்டாம். ரெண்டு மாசம் இருக்கே, தாராளமா கூட்டிட்டுப் போங்க. அக்டோபர்ல செக்கப்புக்கு வரும்போது ரோம் எப்படி இருந்துதுன்னு எனக்குச் சொல்லணும்.”

கூட்டிட்டுப் போக முடியாது, ஒரு இடம்தான் இருக்கிறது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு மாமி துணை இருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, “வேண்டாம்ங்கிறார்மா” என்றேன். சொன்னதும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. எதற்கு அழுதேன் என்பதை மட்டும் அம்மா தப்பாகப் புரிந்துகொண்டாள்.

அக்டோபர் 17, வெள்ளி

காலையில் மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போனார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன். நாற்பதாவதை எழுதிக்கொண்டிருந்தபோது மாமி உள்ளே வந்தாள். பணப்பையை மறந்துவிட்டாளாம். என் தோளுக்கு மேலாகக் குனிந்தாள். மறைக்க நேரமில்லை. நான் எழுதிக்கொண்டிருந்தது அவளுடையது.

மாமிக்கு ஒரே மகன். அவள் இங்கே வந்திருக்கும் நாட்களில் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறான். திரும்பிப் போகும்போது தன் கட்டில் பழைய அறையிலேயே இருக்க வேண்டும், சாமான் போடும் அறைக்குப் போயிருக்கக் கூடாது என்று மிக்கேல் சம்மனசிடம் கேட்டிருந்தாள்.

முழுவதையும் வாசித்தாள். உதடு அசைந்தது.

“என்னுதுதான இது?”

“ஆமா மாமி.”

“நான் எழுதுனது எங்க?”

சொன்னேன். தட்டு, புத்தகம், எல்லாவற்றையும். பிரித்துப் படித்ததையும் சொன்னேன். மாமி கட்டிலில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“எழுத்து அழகா இருக்கு” என்றாள் கடைசியில். “ஆனா ‘தயவாய்’னு ஒண்ணு போட்டிருக்க. நான் போடல.”

“போட்டதா ஞாபகம்.”

“போடலட்டி. நாப்பது வருஷம் இருந்த ரூம்பு. அதுக்கு எதுக்கு நான் தயவா கேக்கணும்? அத அடி.”

அடித்தேன். “அடிச்ச தாளக் குடுக்காத. வேற தாள்ல எழுது” என்றாள். வேறு தாளில் எழுதினேன்.

“எல்லாருதும் ஆச்சா?”

“ரெண்டு பேருது சரியா ஞாபகமில்ல. குத்துமதிப்பாத்தான் எழுதியிருக்கேன். அம்மாவுது ஒண்ணு பாக்கி. அது ஒட்டியிருந்துது.”

“ஜெனோவாட்ட போன் போட்டுக் கேளு.”

“எப்படி மாமி கேக்க?”

“வாயால.” பணப்பையை எடுத்துக்கொண்டு கதவருகே நின்றாள். “நீ திரும்ப எழுதுறது அந்தச் சம்மனசுக்குச் செல்லுமா செல்லாதான்னு எனக்குத் தெரியாது. ஆனா என் கட்டில் விஷயம் இப்ப உனக்குத் தெரியும். ஊர்ல வாயத் திறந்தன்னு வையி.”

“திறக்க மாட்டேன்.”

“பாப்போம்.”

மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிட்டேன். ஊரில் மாலை ஐந்தரை. நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

“அம்மா, விண்ணப்பப் பொட்டலத்தைத் தொலைச்சிட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும். திரும்ப எழுதிட்டேன். உங்களுது ஒண்ணுதான் மிச்சம்.”

“மத்தவிய எழுதுனது உனக்கு எப்படித் தெரியும்?”

“படிச்சேன்.”

“படிச்சிருப்ப. அதுக்குத்தான சோத்தை வச்சு ஒட்டுனேன்.”

குரலில் கோபமில்லை. என்ன எழுதியிருந்திய என்று கேட்டேன். அம்மாவுக்குப் பின்னால் யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது.

“எழுதிக்கோ” என்றாள். “‘பனிமயத் தாயே, எனக்கு வரக் குடுத்துவைக்கல. அதுல எனக்கு வருத்தம் இல்ல. அத என்கிட்ட சொல்லும்போது எம்மக ஆஸ்பத்திரி வராந்தாவுல வச்சு அப்படி அழுதா. அவ மனசத் தேத்தும். அங்க வார நாளெல்லாம் அவ சந்தோசமா இருக்கணும்.’ அவ்வளவுதான். எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.” எழுதவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“இன்னைக்குக் காலைல செக்கப்புக்குப் போனேன். பெரிய டாக்டர்ட்ட.”

பேனாவை மேசையில் வைத்தேன்.

“புண்ணு ஆறிட்டுன்னாவ. நல்லா ஞாபகம் வச்சிருக்காவ. ‘அதுக்குள்ள ரோமுலேர்ந்து வந்துட்டியளா அம்மா’ன்னு கேட்டாவ.”

“நீங்க என்ன சொன்னிய?”

“ஆமா, வந்துட்டேன்னேன்.”

ஓட்டல் ஜன்னலுக்கு வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம்.

“என்னெல்லாம் பாத்தியன்னு கேட்டாவ. எனக்கு என்ன தெரியும்? நீ சொல்லுவியே, கூரையில வட்டமா ஓட்டை வச்ச கோயிலு, அதச் சொன்னேன். மழை பேஞ்சா உள்ள விழுமான்னு கேட்டாவ. விழும்னு சொல்லிட்டேன். விழுமாட்டி?”

“விழும்மா.”

“சரி. அப்ப பொய்யில்ல. செருப்புக்கு அளவெடுக்க அடுத்த வெள்ளிக்கிழமை திரும்ப வரச் சொல்லிருக்காவ” என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

அக்டோபர் 18, சனி

காலையில் பேருந்தில் ஃபாதரின் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தேன். பொட்டலத்தைப் பற்றியும் நான் எழுதியதைப் பற்றியும் சொன்னேன்.

“பாவசங்கீர்த்தனமா சொல்லுதியா, சும்மா சொல்லுதியா?” என்றார்.

“எப்படி வேணும்னாலும், ஃபாதர்.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவர் முகத்தில் வருத்தத்தைவிடக் களைப்புதான் தெரிந்தது. நாற்பத்து மூன்று பேரும் நாளை அவரிடம்தான் கேட்பார்கள். “பூசையில வைப்போம்” என்றார். “ஆனா ஊருக்குப் போனதும் எழுதினவங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய் நீயே சொல்லணும். தொலைச்சதையும் படிச்சதையும்.”

“பேர் போடாத ஒண்ணு இருக்கு, ஃபாதர்.”

“அதுக்கு நீ ஊர்ல எல்லாரையும் மரியாதையா பாத்துக்கிட்டே இருக்கணும். வேற வழியில்ல.”

அம்மாவுடையதைப் பூசைக்குக் கிளம்பும் முன் எழுதினேன். சொற்களை மாற்றலாமா என்று நினைத்தேன். இன்றைக்கு எழுதினால் அவள் இதை எழுத மாட்டாள். மன்னிப்பை எழுதலாம், கோபத்தை எழுதலாம், என்னைப் பற்றியதையே வெட்டிவிடலாம். ஆனால் அது அவள் எழுதியதாக இருக்காது. நான் அழுததைப் பார்த்து அவள் என்ன நினைத்தாளோ அதை என் கையால் ஒவ்வொரு எழுத்தாக எழுத வேண்டியிருந்தது. ‘அவ மனசத் தேத்தும்’ என்ற இடத்தில் கை நின்றது. எழுதி முடித்து, கீழே ஜெனோவா ரொட்ரிகோ என்று போட்டேன். காலைச் சிற்றுண்டியில் எடுத்து வைத்திருந்த ரொட்டியை நனைத்துப் பிசைந்து ஒட்டினேன். சோறு மாதிரிப் பிடிக்கவில்லை.

ஐந்து மணிப் பூசை. வெளியே தூறல். சுற்றிப்பார்க்கிறவர்களை அனுப்பிவிட்டு, பூசைக்கு வந்தவர்களை மட்டும் விட்டார்கள். சந்தையாக இருந்த இடம் அப்போதுதான் கோயிலாயிற்று. மற்றக் குருக்களோடு ஃபாதர் வலேரியனும் பீடத்தில் நின்றார். காணிக்கை நேரத்தில் கூடையை ஏந்திப்போகும்படி அவர் மாமியைச் சொல்லியிருந்தார். மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நாற்பத்து மூன்று தாளையும் கருவாட்டுக் கூடைபோல இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

நான் மழையைப் பார்த்தேன். அம்மாவுக்குச் சொல்ல வேண்டும், சரியாகச் சொல்ல வேண்டும். மழை உள்ளே விழுகிறது. ஆனால் ஊற்றுவதுபோல் விழவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து வருவதால் வழியிலேயே பொடிந்து, சாம்பிராணிப் புகைபோல அசைந்து இறங்குகிறது. விழும் சத்தமே இல்லை. நடுவில் கயிறு கட்டியிருக்கிறார்கள், யாரும் மிதித்து வழுக்கிவிடாமல். தரை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மேடாகவும் சரிவாகவும் இருக்கிறது. பளிங்கில் சின்னச் சின்னத் துளைகள். தண்ணீர் மெல்ல நகர்ந்து அவற்றுக்குள் போய்விடுகிறது. பழைய தெய்வங்கள் இருந்தபோது போட்ட துளைகள். இத்தனை நூற்றாண்டும் யாரும் அதை அடைக்கவில்லை.

ஒரு வேண்டுதலும் எனக்கென்று செய்யவில்லை. கூடையில் இருந்த ஒன்று ஏற்கெனவே எனக்காக எழுதியது.

அக்டோபர் 19, ஞாயிறு

விமானம் மாறும்போது தொலைந்த பொருள் மேசையில் கேட்டேன். துணிப் பொட்டலம் எதுவும் வரவில்லை என்றார்கள்.

அக்டோபர் 21, செவ்வாய். அமலிக்கரை

இன்று ஆறு வீடு.

பவுலின் டீச்சர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவர் செய்தது சரி. தொம்மை அண்ணன், “அப்ப ரெமிஜியஸ் எழுதினதையும் படிச்சியா?” என்றார். ஆமாம் என்றேன். “என்ன எழுதியிருந்தான்?” சொல்ல மாட்டேன் என்றேன். வாசல்வரை பின்னாலேயே வந்து இரண்டு முறை கேட்டார். ரெமிஜியஸ் வீட்டிலும் இதேதான் நடந்தது. அவரும் வாசல்வரை வந்தார். நான் தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் அவரவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

மாமியின் கட்டில் பழைய அறையில்தான் இருக்கிறதாம். சுவருக்கு மட்டும் மருமகளின் விருப்பப்படி ரோஸ் நிறம் அடித்துவிட்டார்கள். “நிறத்தப் பத்தி நீ ஒண்ணும் எழுதலியே” என்கிறாள்.

அம்மா நேற்றிலிருந்து எல்லாம் கேட்டாள்: சாப்பாடு, குளிர், யார் யார் சண்டை போட்டார்கள். டாக்டரைப் பற்றி ஒரு சொல் இல்லை. கம்பளிச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். இரவுக் கஞ்சிக்கு முன், காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

“இங்க வந்து உக்காரு. எனக்கு எல்லாத்தையும் ஒழுங்காச் சொல்லு. வெள்ளிக்கிழமை டாக்டர் கேப்பாவ.”

“அம்மா.”

“சும்மா மேலோட்டமா சொன்னா ஆவாது. வாசல்ல எத்தனை தூணு, தரை என்ன நிறம், எல்லாம் வேணும். நீ எழுதி வச்சிருப்பல்லா அந்த நோட்டுல. அதை எடுத்துட்டு வந்து வாசி.”

இந்த நோட்டை நான் யாரிடமும் காட்டியதில்லை. எங்கே வைக்கிறேன் என்பதுகூட அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

“எதுலேர்ந்து வாசிக்க?”

“முதல்லேர்ந்து.”

எடுத்துவந்து தரையில் அவள் காலருகே உட்கார்ந்தேன். ஒன்பதாம் தேதி, வியாழன். என் பெயர் இருபத்தேழாவது. அம்மாவின் பெயரை அடித்த கோடு. அடுத்த வாக்கியத்துக்கு வந்தேன். ‘அம்மாவின் கால் புண்ணைப் பார்த்த தூத்துக்குடி டாக்டர்’ வரை வாசித்தேன். அதற்குப் பின்னால் எழுதியிருந்ததை வாசிக்கவில்லை. அவர் சொன்னதைச் சொன்னேன். சக்கர நாற்காலி, செருப்பு, தாராளமாகக் கூட்டிட்டுப் போங்க.

அம்மா புண் ஆறிய இடத்தைச் சுற்றிக் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்க அப்படியா எழுதியிருக்கு?”

“இல்ல.”

“அப்ப அத அடிச்சிட்டு இதை எழுது” என்றாள். “பேனா மேசையில இருக்கு. எழுதிட்டு மேல வாசி.”